மணத்தை மட்டும் நம்பலாமா? ஸ்பைஸ்புஷ் என்ற காட்டுப் புதரை அடையாளம் காணும் முறை

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் தன்னார்வலர்கள் கைரம்பமும் கத்தரியுமாக இறங்கி, வெளிநாடுகளிலிருந்து வந்து கட்டுக்கடங்காமல் பரவிவிட்ட புதர்களை வெட்டி அகற்றுகிறார்கள். வெட்ட வேண்டிய புதரில் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழங்கள் இருக்கும் என்பது அவர்கள் கேட்டுவைத்திருக்கும் முதல் அடையாளம். அதே நிழலில், ஏறத்தாழ அதே உயரத்தில், அதே வாரங்களில் சிவப்புப் பழங்களோடு நிற்கும் இன்னொரு புதர் அந்த மண்ணுக்கே உரியது. அதன் பெயர் ஸ்பைஸ்புஷ். காப்பாற்றப்பட வேண்டிய செடி, அதன் இடத்தைப் பறிக்க வந்த செடியோடு சேர்ந்து வெட்டுப்படுவதற்கு இந்தப் பொது அடையாளம் ஒன்றே போதும்.

ஐயம் வந்தால் இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்க வேண்டும், மணம் வந்தால் அது ஸ்பைஸ்புஷ் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவது வழக்கம். இது பொய்யான அறிவுரை ஆகாது, ஆனால் அரைகுறையானது. கசக்கினால் மணக்கும் செடிகள் அந்தக் காடுகளில் பல உண்டு; கசக்கக் கூடாத செடிகளும் உண்டு. மணம் எந்த இடத்தில் சான்றாகிறது, அதற்கு முன் கண் எவற்றைப் பார்த்திருக்க வேண்டும் என்பதைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரிலேயே தொடங்கும் குழப்பம்

ஸ்பைஸ்புஷ் என்பது மக்கள் வழக்கில் வந்த பெயர். மசாலா மணமுள்ள புதர் என்பது அதன் பொருள். இதே செடிக்குக் காட்டு ஆல்ஸ்பைஸ், பெஞ்சமின் புஷ், ஃபீவர் புஷ் என்றும் பெயர்கள் வழங்கின. கடைசிப் பெயர், காய்ச்சலுக்கு இதன் பட்டையையும் குச்சியையும் கொதிக்கவைத்துக் குடித்த பழைய வைத்திய வழக்கத்தைக் காட்டுகிறது. உண்மையான ஆல்ஸ்பைஸ் கரீபியப் பகுதியைச் சேர்ந்த, கொய்யாவும் கிராம்பும் இடம்பெறும் மிர்ட்டேசி குடும்பத்து மரமொன்றின் காய். ஸ்பைஸ்புஷ்ஷுக்கும் அதற்கும் உறவு கிடையாது. ஸ்பைஸ்புஷ்ஷின் பழத்தை உலர்த்திப் பொடித்து அந்தக் காய்க்கு மாற்றாகக் குடியேறிகள் பயன்படுத்தியதால் மட்டுமே பெயர் ஒட்டிக்கொண்டது.

பொதுப்பெயரின் பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. காலிகாந்தஸ் என்ற முற்றிலும் வேறான குடும்பத்துப் புதர்களையும் அமெரிக்காவில் சிலர் ஸ்பைஸ்புஷ் என்றே அழைக்கிறார்கள். அவற்றின் விதைகளில் காலிகாந்தின் என்ற நச்சுப்பொருள் உள்ளது. ஒரே பெயரை நம்பி ஒன்றின் பழத்துக்குப் பதிலாக மற்றொன்றின் விதையைப் பொடித்தால் விளைவு என்ன என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. இக்கட்டுரையில் ஸ்பைஸ்புஷ் என்பது லிண்டெரா பென்சாயின் என்ற அறிவியல் பெயருடைய செடியை மட்டுமே குறிக்கும்.

அந்த அறிவியல் பெயரும் ஒரு தவற்றைச் சுமந்துகொண்டிருப்பது சுவையான செய்தி. பென்சாயின் என்பது நாம் சாம்பிராணி என்று அறிந்த பிசின் வகைகளுள் ஒன்றின் பெயர். ஜாவா நாட்டுச் சாம்பிராணி என்று பொருள்படும் லுபான் ஜாவி என்ற அரபுச் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் திரிந்து இவ்வாறு ஆனது. அந்தப் பிசினைத் தருபவை தென்கிழக்கு ஆசியாவின் ஸ்டைராக்ஸ் மரங்கள். லின்னேயஸ் 1753-இல் இந்த அமெரிக்கப் புதருக்கு லாரஸ் பென்சாயின் என்று பெயரிட்டார். பின்னர் வந்தவர்கள், யோஹான் லிண்டர் என்ற சுவீடன் நாட்டுத் தாவரவியலாளரின் நினைவாக அமைந்த லிண்டெரா என்ற பேரினத்துக்கு அதை மாற்றினார்கள். பேரினம் மாறியது, சாம்பிராணி மட்டும் பெயரில் தங்கிவிட்டது. மணத்தை மட்டும் வைத்து உறவு கற்பிப்பது எவ்வளவு எளிது என்பதற்கு இந்தப் பெயரே சான்று.

மணம் எங்கே இருக்கிறது

ஸ்பைஸ்புஷ் லாரேசி குடும்பத்தைச் சேர்ந்தது. இலவங்கப்பட்டை, பிரிஞ்சி இலை, கர்ப்பூர மரம், அவகாடோ ஆகியவை எல்லாம் இதே குடும்பம். இந்தக் குடும்பத்துச் செடிகளின் இலை, பட்டை, கனி முதலிய பாகங்களில், மற்றத் திசுச்செல்களுக்கு நடுவே, எண்ணெயைத் தேக்கி வைத்திருக்கும் தனிச் செல்கள் அங்கங்கே பொதிந்திருக்கும். எளிதில் ஆவியாகும் அந்த எண்ணெய் செல்லுக்குள் அடைபட்டிருப்பதால், புதரின் அருகில் நின்றாலோ இலையை மேலாகத் தொட்டாலோ மணம் பெரிதாகத் தெரியாது. செல் உடைய வேண்டும். அதற்கு இலையைக் கசக்க வேண்டும், அல்லது குச்சியின் பட்டையை நகத்தால் சுரண்ட வேண்டும். துளசி, புதினா போன்ற செடிகளில் எண்ணெய் இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்மயிர்களில் இருப்பதால் கை பட்டாலே மணக்கிறது. இந்த வேறுபாடு தெரிந்தால், அருகில் போனேன், மணக்கவில்லை, ஆகவே இது ஸ்பைஸ்புஷ் இல்லை என்ற தவறான முடிவைத் தவிர்க்கலாம்.

ஸ்பைஸ்புஷ்ஷின் மணத்தை எலுமிச்சைச் சாயலோடு கலந்த மசாலா மணம் என்று பெரும்பாலோர் வருணிக்கிறார்கள். வருணனை என்ற அளவில் இது சரி. சான்று என்ற அளவில் இதில் மூன்று குறைகள் உள்ளன.

1. மணத்துக்கான சொற்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவர் எலுமிச்சை என்பதை இன்னொருவர் மிளகு என்பார். இலையின் வடிவத்தைப் போல இதை வரைந்து காட்டி ஒப்பிட முடியாது.

2. மணக்கும் செடிகள் பல. கறுப்புச் செர்ரி மரத்தின் குச்சியைச் சுரண்டினால் கசப்புப் பாதாமின் வாடை வரும். ஸ்வீட் பிர்ச் மரத்தின் இளங்குச்சியில் விண்டர்கிரீன் எண்ணெயின் மணம், அதாவது தசைவலித் தைலங்களில் முகர்ந்து பழகிய மணம் வரும். சாசஃப்ராஸ் வேறொரு வகையில் மணக்கும். மணம் உண்டு என்பது மட்டும் எதையும் நிறுவாது.

3. விரல் ஏமாற்றும். ஒரு செடியைக் கசக்கிய விரலால் அடுத்த செடியைக் கசக்கினால் முதல் செடியின் எண்ணெயே மறுபடி மணக்கும். மூக்கும் சில நிமிடங்களில் சலித்துவிடும். அனுபவம் உள்ளவர்களும் இதில் தடுமாறுவதுண்டு.

ஆகவே மணம் தொடக்கக் கேள்வியாக இருக்க முடியாது. கண்ணால் பார்த்து, இருக்கக்கூடிய செடிகளின் பட்டியலை இரண்டு மூன்றாகக் குறைத்த பிறகு, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே அது உதவும். அந்தக் கட்டத்தில் அதைவிட விரைவான சான்று வேறில்லை.

கசக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் ஓர் எச்சரிக்கை. இதே காடுகளில் பாய்சன் ஐவி பரவலாக வளர்கிறது. சதுப்பான இடங்களில் பாய்சன் சுமாக் உண்டு. இரண்டின் சாற்றிலும் உருஷியால் என்ற எண்ணெய் இருப்பதால் தோலில் பட்டால் கடுமையான அரிப்பும் கொப்புளங்களும் தோன்றும். இவை இரண்டுமே கூட்டிலைச் செடிகள்: ஒரே காம்பில் ஐவிக்கு மூன்று சிற்றிலைகள், சுமாக்குக்கு ஏழு முதல் பதின்மூன்று வரை. எனவே கீழ்க்காணும் வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது தோலுக்கும் நல்லது.

1. இலை தனியிலையா, கூட்டிலையா? குச்சியோடு இலைக்காம்பு சேரும் இடத்தில் ஒரு மொட்டு இருக்கும். அந்த மொட்டுக்கு மேல் உள்ளது முழுவதும் ஓர் இலை. ஸ்பைஸ்புஷ்ஷில் ஒரு காம்புக்கு ஒரே இலைப்பரப்புதான். கூட்டிலை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்; கசக்க வேண்டாம்.

2. கணுவுக்கு எத்தனை இலை? ஒரு கணுவில் ஓர் இலை, அடுத்த கணுவில் மறுபக்கம் ஓர் இலை என்று மாறி மாறி வந்தால் அது மாற்றிலையமைவு. ஒரே கணுவில் எதிரெதிராக இரண்டு இலைகள் இருந்தால் அது எதிரிலையமைவு. ஸ்பைஸ்புஷ் மாற்றிலையமைவு உடையது. வெளிநாட்டுப் புதர்களில் மிக அதிகமாகப் பரவியுள்ள ஹனிசக்கிள் எதிரிலையமைவு உடையது. இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். பார்க்கும் குச்சியில் இலைகள் உதிர்ந்தோ ஒடிந்தோ இருக்கலாம் என்பதால், ஒரு கணுவை மட்டும் பார்க்காமல் நாலைந்து குச்சிகளைப் பார்ப்பது முறை.

3. விளிம்பு எப்படி? ஸ்பைஸ்புஷ் இலையின் விளிம்பில் பற்களோ மடல்களோ இல்லை. இலை நீள்வட்டமாக, நடுவுக்கு மேல் சற்று அகன்று, நுனியில் சிறிதாகக் கூர்ந்திருக்கும். நீளம் பெரும்பாலும் 6 முதல் 15 செ.மீ. வரை.

4. ஒரே குச்சியில் இலைகளின் அளவு எப்படி மாறுகிறது? பலர் கவனிக்கத் தவறும் அடையாளம் இது, நம்பகமானதும்கூட. குச்சியின் அடியில் உள்ள இலைகள் சிறியவை. நுனியை நோக்கிச் செல்லச் செல்லப் பெரியவை. நுனியிலையும் அடியிலையும் வெவ்வேறு செடிகளிலிருந்து பறித்தவையோ என்று எண்ணும் அளவுக்கு வேறுபாடு இருக்கும்.

5. பட்டையும் உருவமும். அடியிலிருந்தே பல தண்டுகள் கிளம்பும். உயரம் பொதுவாக 2 முதல் 4 மீட்டர். சாம்பல் கலந்த பழுப்புப் பட்டையில் வெளிறிய சிறு புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும். இவை பட்டைத்துளைகள், அதாவது தண்டு காற்றை வாங்கும் வழிகள்.

6. இப்போது கசக்கலாம். இலையைவிட இளங்குச்சியின் பட்டையைச் சுரண்டி முகர்வது மேல். உதிரும் தறுவாயில் உள்ள மஞ்சள் இலையில் மணம் மங்கியிருக்கலாம்; குச்சியில் குளிர்காலத்திலும் மணம் இருக்கும்.

அடையாளம் காணும் செயலிகளுக்குப் படம் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பற்களோ மடல்களோ இல்லாத நீள்வட்ட இலை என்பது தாவர உலகில் மிகச் சாதாரணமான வடிவம். ஓர் இலையின் படத்தை மட்டும் கொடுத்தால் செயலியிடம் ஊகிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கணு, இலையின் அடிப்பக்கம், பட்டை ஆகியவை தெரியும் படங்களைச் சேர்த்தால்தான் அதன் விடைக்கு மதிப்பு உண்டாகும். செயலியால் முகர முடியாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

பருவந்தோறும் மாறும் சான்றுகள்

மேலே சொன்னவை கோடைக்குப் பொருந்தும். ஆண்டின் மற்றக் காலங்களில் சான்றுகளின் வரிசை மாறுகிறது.

இளவேனிலின் தொடக்கத்தில், மரங்கள் தளிர்ப்பதற்கு முன்பே, மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் ஸ்பைஸ்புஷ் பூக்கிறது. இலையில்லாத குச்சியை ஒட்டிக் கணுக்களில் மஞ்சள் நிறச் சிறு பூக்கள் கொத்தாக இருக்கும். ஒவ்வொரு பூவும் சில மில்லிமீட்டர் அகலமே இருப்பதால், தொலைவிலிருந்து பார்த்தால் காட்டின் கீழடுக்கில் மஞ்சள் மூட்டம் படிந்தது போலத் தோன்றும். பூவில் ஆறு இதழ்கள். அல்லி, புல்லி என்ற பாகுபாடு இல்லை. உருப்பெருக்கி கையில் இருந்தால், ஆண்பூவில் மகரந்தப்பைகள் நீளவாக்கில் பிளக்காமல், சிறு கதவுகள் மேல்நோக்கித் திறப்பது போலத் திறப்பதைக் காணலாம். லாரேசி குடும்பத்தின் முத்திரைகளுள் ஒன்று இது. இலவங்க மரத்தின் பூவிலும் இதே அமைப்புத்தான்.

ஸ்பைஸ்புஷ் ஈரில்லத் தாவரம்: ஒரு செடியில் ஆண்பூக்கள் மட்டும், இன்னொன்றில் பெண்பூக்கள் மட்டும். இதிலிருந்து விளையும் முடிவு முக்கியமானது. பழம் இருந்தால் அது பெண்செடி; பழம் இல்லாமை எதையும் நிறுவாது. பழமில்லாத புதரைப் பார்த்து ஸ்பைஸ்புஷ் இல்லை என்று விலக்கினால், காட்டில் உள்ள ஆண்செடிகள் அனைத்தையும் விலக்கியதாகிவிடும்.

கோடையில் பச்சையாக இருக்கும் பழம் செப்டம்பர், அக்டோபரில் பளபளப்பான சிவப்பாகிறது. நீள்வட்ட வடிவம், ஏறத்தாழ 1 செ.மீ. நீளம், உள்ளே ஒரே ஒரு பெரிய விதை. பழத்தை நசுக்கினாலும் அதே மசாலா மணம் வரும். சிவப்புப் பழங்களில் இந்த இரண்டும், அதாவது ஒற்றை விதையும் மணமும், ஒருசேர அமைவது இந்தக் காடுகளில் அரிது. பிறகு இலைகள் தெளிந்த மஞ்சளாகி உதிர்கின்றன.

குளிர்காலத்தில் மொட்டுகளே சான்று. இலைமொட்டு சிறியது, கூரானது. அதன் பக்கங்களில் கடுகைவிடச் சற்றுப் பெரிய உருண்டையான பூமொட்டுகள், அடுத்த இளவேனிலுக்காக முன்கூட்டியே உருவாகி, குச்சியோடு ஒட்டிக் காத்திருக்கும். கூர்மொட்டும் உருண்டை மொட்டும் ஒரே கணுவில் சேர்ந்திருக்க, கணுக்கள் மாறி மாறி அமைந்திருக்க, சுரண்டினால் மணமும் வந்தால் ஐயத்துக்கு இடமில்லை. இலைகள் கவனத்தைத் திருப்பாததால், கோடையைவிடக் குளிர்காலத்தில் இந்தச் செடியை அறிவது எளிது என்றே சொல்லலாம்.

எவற்றோடு மாறிப்போகிறது

ஹனிசக்கிள் புதர்கள். அமூர் ஹனிசக்கிள் முதலிய ஆசியப் புதர்கள் அலங்காரச் செடிகளாக வந்து காடுகளுக்குள் புகுந்தவை. பழங்கள் சிவப்பு; ஆனால் கணுவில் இரட்டை இரட்டையாக வரும், உள்ளே பல சிறு விதைகள் இருக்கும், மணம் கிடையாது. எதிரிலையமைவு என்பதை முன்பே பார்த்தோம். முதிர்ந்த குச்சியைக் குறுக்கே வெட்டினால் நடுச்சோறு இல்லாமல் குழல்போல் பொள்ளலாக இருக்கும். இளவேனிலில் எல்லாவற்றுக்கும் முன்னால் தளிர்த்து, இலையுதிர் காலத்தில் எல்லாவற்றுக்கும் பின்னால் இலை உதிர்ப்பது இவற்றின் வழக்கம். காடு மொட்டையான பிறகும் பச்சையாக நிற்கும் புதர்களைத் தேடி வெட்டச் சொல்வது இதனால்தான். தேதியை முந்திக்கொண்டு அக்டோபர்த் தொடக்கத்திலேயே, பச்சையையும் சிவப்பையும் மட்டும் பார்த்து வெட்டத் தொடங்கினால், ஸ்பைஸ்புஷ்ஷும் பச்சையாகவே நிற்கும்.

ஆட்டம் ஆலிவ். கிழக்காசியாவிலிருந்து வந்த இந்தப் புதர், இலையமைவை மட்டும் நம்புபவர்களுக்கு ஒரு பாடம். மாற்றிலையமைவு, பற்களற்ற விளிம்பு, சிவப்புப் பழம், ஒற்றை விதை ஆகிய நான்கிலும் இது ஸ்பைஸ்புஷ்ஷை ஒத்திருக்கிறது. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போல் நுண்செதில்களால் மூடப்பட்டிருக்கும். பழத்தின் மேலும் அதே வெள்ளிப் புள்ளிகள் தெரியும். மசாலா மணம் இல்லை. மணம் தன் முழு மதிப்பைப் பெறுவது இங்கேதான்: கண் இரண்டாகக் குறைத்ததை மூக்கு ஒன்றாக்குகிறது.

சாசஃப்ராஸ். இதுவும் லாரேசி குடும்பம், இதுவும் மணக்கும், இதுவும் மாற்றிலையமைவு. ஒரே மரத்தில் மடலற்ற இலை, ஒரு பக்கம் மட்டும் மடல் நீண்டு கையுறைபோல் தோன்றும் இலை, மூன்று மடல் இலை என மூவகையும் காணப்படும். இளங்கன்றில் மடலற்ற இலைகள் மட்டுமே கண்ணில் பட்டால் தடுமாற்றம் வரலாம். அப்போது இளங்குச்சியின் நிறத்தைப் பார்க்க வேண்டும்: சாசஃப்ராஸில் பசும்பச்சை, ஸ்பைஸ்புஷ்ஷில் பழுப்பு. பழமும் வேறு; சிவந்த காம்பின் நுனியில் கருநீலமாக இருக்கும். சாசஃப்ராஸ் எண்ணெயில் உள்ள சாஃப்ரோல் என்ற பொருளை உணவில் சேர்ப்பதை அமெரிக்க அரசு 1960-இல் தடை செய்ததால், இந்த இரண்டையும் பிரித்தறிவது சமைப்பவர்களுக்கும் தேவைப்படுகிறது.

லெதர்வுட். மண்ணுக்குரிய புதர், ஈரமான காட்டு நிழலில் வளர்வது, மாற்றிலையமைவும் பற்களற்ற விளிம்பும் உடையது, இலை வருமுன் மஞ்சளாகப் பூப்பது. இத்தனை ஒற்றுமைக்குப் பிறகும் இதைப் பிரிப்பது எளிது. குச்சியை முடிச்சுப் போடும் அளவுக்கு வளைக்கலாம், ஒடியாது. அதன் நாரை அமெரிக்கப் பழங்குடிகள் கயிறாகத் திரித்தார்கள். பூக்கள் குழல் வடிவில் தலைகீழாகத் தொங்கும். மணம் இல்லை. இதன் பட்டை சிலருக்குத் தோலில் புண்ணை உண்டாக்கும் என்பதால் சுரண்டுவதைவிட வளைத்துப் பார்ப்பதே நல்லது.

காலிகாந்தஸ். பெயர்க்குழப்பம் பற்றி மேலே பார்த்தோம். மணமுண்டு, எதிரிலையமைவு, பூக்கள் கருஞ்சிவப்பு, விதைகள் தோல்பை போன்ற உறைக்குள் இருக்கும். இரண்டாவது கேள்வியிலேயே இது விலகிவிடும். பொதுப்பெயர் கலந்துவிட்டதைக் கணு பிரித்துக் கொடுக்கிறது.

பாபா மரத்தின் கன்றுகளும் நிழலில் இதே இடங்களில் நிற்கும். அவற்றின் இலை 30 செ.மீ. வரை நீண்டு வளரும். கசக்கினால் பச்சைக் குடமிளகாயின் வாடை வரும். மொட்டுகள் பழுப்பு நிறப் பூமயிரால் மூடியிருக்கும்.

தென்கிழக்கு மாநிலங்களில் தேடுபவர்களுக்கு மட்டும் இன்னொரு கவனம் தேவை. லிண்டெரா பேரினத்தில் வட அமெரிக்காவுக்கு உரிய இனங்கள் மூன்று. அவற்றுள் பாண்ட்பெர்ரி என்பது சதுப்புப் பள்ளங்களில் வளரும் சிறு புதர். இலைகள் தொங்கலாக, அடிப்பகுதி வட்டமாக இருக்கும். மண்ணுக்கடியில் தண்டு ஓடிக் கூட்டமாக முளைக்கும். 1986-இல் அமெரிக்க நடுவண் அரசு இதனை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் இடுப்பளவு உயரத்தில் மணமுள்ள புதர்க்கூட்டம் கண்ணில் பட்டால், குச்சியை ஒடித்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மாநில வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை.

இடமும் விருந்தாளிகளும்

கனடாவின் தெற்கு ஒன்டாரியோ, அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் தொடங்கித் தெற்கே ஃபுளோரிடா வரையிலும், மேற்கே கான்சாஸ், டெக்சாஸ் வரையிலும் ஸ்பைஸ்புஷ் பரவியுள்ளது. மட்கு நிறைந்த, ஈரம் காயாத மண்ணும் மரநிழலும் இதற்கு விருப்பமானவை. ஓடைக்கரைகளில் அடர்ந்து காணப்படும். இந்தப் புதர் செழித்திருக்கும் இடம் நல்ல வேளாண் நிலமாகும் என்று பழைய நில அளவையாளர்கள் கணித்ததும் இதனால்தான். வறண்ட மணற்குன்றில் நிற்கும் மணப்புதரை ஸ்பைஸ்புஷ் என்று முடிவு செய்வதற்கு முன் இரண்டாம் முறை யோசிக்க வேண்டும். மான்கள் இதைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. அதனால் மான்கள் மிகுந்து மற்றச் செடிகளை மேய்ந்து தீர்த்த காடுகளில் இது மட்டும் அடர்ந்து நிற்பதைக் காணலாம்.

மான் ஒதுக்குவதை ஒரு பூச்சி தேடி வருகிறது. ஸ்பைஸ்புஷ் சுவாலோடெயில் என்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இந்தப் புதரின் இலையையும் சாசஃப்ராஸ் இலையையும் முதன்மையாகத் தின்று வளர்கின்றன. புழு இலையின் மேற்பரப்பில் பட்டு நூலை இழுத்து ஒட்டுகிறது. நூல் காய்ந்து சுருங்கும்போது இலை நடுநரம்பு வழியே மடிந்து கூடாகிவிடுகிறது. பகலில் அதற்குள் ஒளிந்திருந்து, இரவில் வெளியே வந்து தின்னும். இளம்புழு பறவையின் எச்சம் போலத் தோன்றும். வளர்ந்த பச்சைப்புழுவின் மேல்புறத்தில் இரண்டு பெரிய பொய்க்கண்கள் இருப்பதால் சிறு பாம்பின் தலையைப் போலத் தெரியும். நீளவாக்கில் மடிந்த இலைக்குள் இத்தகைய புழு இருந்தால், செடி லாரேசி குடும்பத்தைச் சேர்ந்தது என்பது ஏறக்குறைய உறுதி. தாய்ப்பூச்சி காலால் இலையைத் தொட்டு அதன் வேதிப்பொருளைச் சுவைத்தறிந்தே முட்டையிடுகிறது. நம்மைவிடத் தேர்ந்த தாவரவியலாளர்.

தவறாக அடையாளம் கண்டால்

முதல் விளைவு பறவைகளுக்கு. ஸ்பைஸ்புஷ்ஷின் பழத்தில் கொழுப்புச்சத்து மிகுதி. அது பழுக்கும் வாரங்களில்தான் வுட் திரஷ் போன்ற பறவைகள் தெற்கு நோக்கி வலசை போகின்றன. நெடும் பயணத்துக்கு உடலில் சேர்த்துக்கொள்ள வேண்டியது கொழுப்பு. ஹனிசக்கிள் பழத்திலோ சர்க்கரையும் நீரும்தான் பெரும்பகுதி. வெட்டியவர் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை வெட்டினால், மீதியாவது பழமிருந்தும் பயன் குறைந்த காடு. ஈரில்லத் தாவரம் என்பதால் இழப்பு இன்னும் கூடும்: பழம் பார்த்து வெட்டுபவர் பெண்செடிகளையே வெட்டுகிறார், எஞ்சி நிற்கும் ஆண்செடிகள் விதை தரப்போவதில்லை.

இரண்டாவது விளைவு, பழம் பறிப்பவர்களுக்கு. ஸ்பைஸ்புஷ் பழம் மசாலாப் பொருளாகப் பயன்படுவது. ஹனிசக்கிள் பழமோ வயிற்றைக் கெடுக்கும். விண்டர்பெர்ரி என்ற காட்டுப்புதரின் சிவப்புப் பழமும் அப்படியே. மணம், ஒற்றை விதை, மாற்றிலையமைவு, பற்களற்ற விளிம்பு ஆகிய நான்கும் ஒரே செடியில் உறுதியாகும் வரை எதையும் வாயில் வைக்கக் கூடாது.

மூன்றாவது விளைவு நோய்க் கண்காணிப்பைப் பற்றியது. ஆசியாவைச் சேர்ந்த ரெட்பே அம்புரோசியா வண்டு 2002-இல் ஜார்ஜியா மாநிலத்தின் சவான்னா துறைமுகத்தை அடுத்த போர்ட் வென்ட்வொர்த்தில் முதன்முதலாகப் பிடிபட்டது. சுமார் 2 மில்லிமீட்டர் நீளமே உள்ள இந்த வண்டு சுமந்துவரும் பூஞ்சை, லாரேசி குடும்பத்து மரங்களில் நீர் ஏறும் குழாய்களை அடைத்து அவற்றை வாடச் செய்கிறது. லாரல் வில்ட் எனப்படும் இந்நோயால் தென்கிழக்கு மாநிலங்களில் ரெட்பே மரங்கள் பெருமளவில் மடிந்தன. ஃபுளோரிடாவின் அவகாடோ தோட்டங்களும் பாதிக்கப்பட்டன. சாசஃப்ராஸ் வழியாக நோய் வடக்கு நோக்கி நகர்ந்துள்ளது. ஸ்பைஸ்புஷ்ஷும் இந்நோய்க்கு ஆட்படும் செடி. காட்டில் வாடி நிற்கும் புதர் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தால்தான், அந்த வாட்டம் வறட்சியால் வந்ததா, தெரிவிக்க வேண்டிய நோயா என்ற கேள்வியே எழும்.

ஐயம் எழுந்தால் செய்ய வேண்டியவை இவை.

1. வாடிய இலைகள் உதிராமல் குச்சியிலேயே தொங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

2. தண்டின் பட்டையைச் சிறிது சீவினால், அடியில் வெளிர்நிறமாக இருக்க வேண்டிய மரப்பகுதியில் கருங்கோடுகள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். தண்டில் பல்குத்தும் குச்சி போல் மரத்தூள் நீட்டிக்கொண்டிருந்தால் அது வண்டு துளைத்ததற்கான அறிகுறி.

3. இவை இருந்தால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மாநில வனத்துறைக்கோ வேளாண் விரிவாக்க அலுவலகத்துக்கோ அனுப்ப வேண்டும். வெட்டிய கட்டையை விறகாகக்கூட வேறிடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது; வண்டு நெடுந்தொலைவு கடப்பது பெரும்பாலும் மனிதர்களின் வண்டிகளில்தான்.

இந்த வண்டு தன் இரையைத் தேடிக் கண்டுபிடிப்பதும் லாரேசி மரங்களின் பட்டையிலிருந்து கசியும் மணத்தைக் கொண்டே. அதனால் நலமான செடியைச் சோதிப்பவர்கள், நகம் படும் அளவுக்கு இளங்குச்சி ஒன்றை மட்டும் சுரண்டி, முதன்மைத் தண்டில் காயம் படாமல் விட்டுவிடுவது நல்லது.